பெயர் போட்டு எழுதிய ஜெசிந்தா மிஸ்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். உக்குவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருமலும் சளியுமாக ஏழெட்டுப் பேர் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தது. யட்டவத்தப் பக்கத்துத் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சரோஜாக்கா பேசினார்.

"சேர், ஜெசி மிஸ் செத்துப் போயிட்டாங்க சேர். விடிய நெஞ்சு வலிக்குதுன்னாங்க. கொழுந்து லொறியிலதான் ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போனோம். பலாபத்வல சந்திகூட வரல்ல."

முதல் ஆளாக உட்கார்ந்திருந்த பெண் இருமிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். நான் போனை மேசையில் வைத்துவிட்டு அவளுடைய முதுகில் குழாயை வைத்துக் கேட்டேன். எதுவும் காதில் விழவில்லை.

இந்த முப்பத்தோராம் நாள் மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் ஜெசிந்தா மிஸ்ஸைத் தெரிந்தவர்கள். அவரிடம் மருந்து வாங்கியவர்கள், ஏச்சு வாங்கியவர்கள், அவரோடு வேலை செய்தவர்கள். உங்களிடம் பொய் சொல்லிப் பயனில்லை. அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்த நினைப்பு இதுதான்: அந்த இடம் காலியாகிவிட்டது.

எந்த இடம் என்று டிஸ்பென்சரிகளில் வேலை செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கொழும்பில் ஆறு வாரப் பயிற்சி ஒன்று நடக்கிறது. எலிக்காய்ச்சல், டெங்கு, மலேரியா, மணல் ஈ கடித்து வரும் ஆறாத புண் என்று, நம்முடைய வெயிலிலும் மழையிலும் சேற்றிலும் வளரும் நோய்களைப் பற்றி, டொக்டர் அல்லாத சுகாதார ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி. எங்கள் மாவட்டத்துத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதில் ஒரே ஓர் இடம். படித்து வருபவர்தான் தோட்டங்களுக்கான தொடர்பாளர். இரத்தப் பரிசோதனை முடிவுகள் அவர் கைக்குத்தான் வரும். அவர் அந்தப் பொறுப்பில் இருக்கும்வரை இன்னொருவரை அனுப்பமாட்டார்கள். இவ்வளவு ஜனத்துக்கு ஒருத்தர் போதும் என்று முடிவு செய்தது யார் என்று இரண்டு தடவை எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

அந்த இடத்துக்கு நானும் ஜெசிந்தா மிஸ்ஸும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தோம். கிடைத்தது அவருக்கு. ஐந்து வருடமாக அந்த எரிச்சலோடுதான் அவரோடு வேலை செய்தேன். "நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க சேர், நீங்கதானே படிச்சவரு" என்று சரோஜாக்கா இந்த மலருக்காகக் கேட்டபோது, அந்த "படிச்சவரு" எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரியாது.

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவன். எங்கள் பாடசாலையில் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. சாவி அதிபரிடம் இருந்தது. எங்கள் கையில் கொடுத்தால் உடைந்துவிடுமாம். இரண்டு வருடமும் அலுமாரிக்கு வெளியே நின்றுதான் அதைப் பார்த்தோம். பாடம் நடத்தியவர் மாற்றலாகிப் போனார், ஏழு மாதம் அவருடைய இடத்துக்கு ஆள் வரவில்லை. யாரோ பாவித்து முடித்த புத்தகத்தை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். மருத்துவபீடத்துக்குச் சில புள்ளிகள் போதவில்லை. டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்தேன். ஜெசிந்தா மிஸ் சாதாரணதரத்தோடு நின்றவர். பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்து, ஆள் இல்லாத நேரத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கப் போய், அப்படியே டிஸ்பென்சரிக்கு உரியவராகிவிட்டவர். எங்கள் இரண்டு பேரையும் ஒரே வாங்கில் உட்கார வைத்ததே எனக்கு அவமானமாக இருந்தது.

அந்த வாங்கு மாத்தளை டவுனில், பலகையால் மறித்த ஓர் அறைக்கு வெளியே போடப்பட்டிருந்தது. நேர்முகப் பரீட்சைக்கு எங்களை வரச் சொல்லியிருந்தார்கள்.

"என்னா தம்பி, மொகத்த இப்புடி வச்சிருக்கீங்க? ஊசி போடவா கூப்புட்டாங்க?" என்றார் ஜெசிந்தா மிஸ்.

"நான் படிச்சிட்டு வந்திருக்கேன் மிஸ். ஞாபகத்துல வச்சுக்கப் பார்க்கிறேன்."

"நான் பாண் தின்னுட்டு வந்தேன். அதுலயும் பாதி பஸ்ஸுல வாந்தியாப் போயிருச்சு."

எனக்கு அவரைவிட மூன்று வயது குறைவு. அவர் என்னைத் தம்பி என்பார். நான் அவரை அக்கா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. மிஸ் என்றுதான் சொல்வேன். கொஞ்சம் தூரம் இருக்கட்டும் என்று.

உள்ளே ஒரு பெண் டொக்டர் இருந்தார், டொக்டர் நோனா என்பார்கள். கடைசியாகப் பார்த்த காய்ச்சல் நோயாளியைப் பற்றிச் சொல்லும்படி சிங்களத்தில் கேட்டார். நான் காய்ச்சலின் வகைகளைச் சொன்னேன். எந்தக் கிருமிக்கு எத்தனை நாள், எந்தக் காய்ச்சலுக்கு எந்த அடையாளம், ஒன்றுவிடாமல் சொன்னேன். சிங்களம் போதாத இடத்தில் இங்கிலீஷைப் போட்டேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டு "போதும்" என்றார்.

அடுத்தது ஜெசிந்தா மிஸ். பலகைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கப் போதுமான சிங்களம்தான் அவருக்கு. அதை வைத்துக்கொண்டு அவர் முத்துசாமி என்ற ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார். நாலாம் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. காய்ச்சல் வந்தது வெள்ளிக்கிழமை. அதற்குப் பத்து நாளுக்கு முன்னால், மழை விட்டதும், நாட்டுப்பக்கம், சிங்களக் கிராமத்துக்குப் போய்க் கூலிக்கு வயல் வரப்பு வெட்டியிருக்கிறார். காலில் அட்டை கடித்த புண் இருந்தது. கண் சிவந்திருந்தது. கெண்டைக்காலுக்குச் சிங்களச் சொல் அவருக்கு வரவில்லை. கதிரை கிறீச்சிட்டது. எழுந்து நின்று தன் கெண்டைக்காலைப் பிடித்துக் காட்டியிருக்க வேண்டும், உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். டொக்டர் நோனா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவர் வயலுக்குப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"கேட்டேன்" என்றார் ஜெசிந்தா மிஸ்.

அந்தச் சிரிப்பை வெளியே வாங்கில் இருந்து கேட்டவன் நான். இடம் யாருக்கு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தெரிந்தாலும் ஏற்றுக்கொள்ளவில்லை. கோயில் பாதர் சிபாரிசுக் கடிதம் கொடுத்திருப்பார் என்று நாலு பேரிடம் சொன்னேன். பெண் என்பதால் கொடுத்தார்கள் என்றேன். இதெல்லாம் நீங்கள் என் வாயால் கேட்டவைதான். நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. இந்த மலரில் எழுதச் சம்மதித்ததே அதைச் சொல்லத்தான்.

நம் ஊரில் ஒருவர் மேலே போனால் உடனே ஒரு பெட்டிசன் போகும். பெயர் இருக்காது. அடியில் "நலன்விரும்பிகள்" என்று இருக்கும். ஜெசிந்தா மிஸ்ஸுக்கு எதிராக அப்படியொரு பெட்டிசன் போனது உங்களில் பலருக்குத் தெரியும். தகுதி இல்லாதவர், கல்விச் சான்றிதழைச் சரியாகப் பார்க்காமல் தெரிவு செய்திருக்கிறார்கள், விசாரிக்க வேண்டும் என்று இருந்தது. யார் எழுதியிருப்பார்கள் என்று கூட்டங்களில் பேசிக்கொண்டீர்கள். நானும் கூட உட்கார்ந்து பேசினேன். எழுதியவன் நான். கையெழுத்துத் தெரியக்கூடாது என்று ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக அச்சுப்போல எழுதி, உக்குவளையில் போடாமல் மாத்தளைக்கு வந்து தபாலில் போட்டேன்.

விசாரணை நடந்தது. சான்றிதழ்கள் சரியாக இருந்தன. ஆனால் அவர் கொழும்புக்குப் போனபோது பயிற்சி தொடங்கி எட்டு நாள் ஆகியிருந்தது. அந்த எட்டு நாளில்தான் நுணுக்குக்காட்டியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரங்களில் தனியாக உட்கார்ந்து அதைப் பழகினாராம். இதைச் சரோஜாக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஜெசிந்தா மிஸ் என்னிடம் சொல்லவில்லை.

பயிற்சி முடிந்து வந்து, முதல் மாதாந்தக் கூட்டத்தில் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே குனிந்து சொன்னார்.

"தம்பி, மலேரியாக் கிருமி இருக்குல்ல, அது மோதிரம் மாதிரி இருக்குங்க. ஒரு கல்லு வச்ச மோதிரம். அவ்வளவு அழகா இருக்கு, பாவி."

அது மோதிரம் போல இருக்கும் என்று எனக்குப் பதினெட்டு வயதிலிருந்து தெரியும். புத்தகத்தில் படம் இருந்தது. அந்தப் படத்தை நான் பார்க்காமலே வரைவேன். ஆனால் அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். இன்றுவரை அது என்னைச் சுடுகிறது. நாட்டில் மலேரியா இல்லை, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கொண்டுவந்தால்தான் உண்டு. அவர் ஆயுளில் ஒரு தடவைகூட அந்த மோதிரத்தை யட்டவத்தயில் பார்க்கவேயில்லை. இருந்தாலும் கொழும்பில் பார்த்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் அடக்கமான மனுஷி இல்லை. சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூமாலையும் போட்டு, மருந்து அலுமாரிக்கு மேலே, வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படும்படி மாட்டிவைத்தார். பக்கத்தில் மாதா படம். மாதாவுக்கு மாலை இல்லை. "மாதாவுக்குக் கோயில்ல போடுறாங்கதானே, எனக்கு யாரு போடுவா?" என்பார். போனில் மூன்று லயத்துக்குக் கேட்கும்படி பேசுவார். பயிற்சியில் கேட்டதைச் சந்தித்தவர்களிடமெல்லாம் ஒப்பிப்பார். "என்ன காய்ச்சல்னு கேக்காதீங்க, எங்க போனீங்கன்னு கேளுங்க" என்பதை நான் அவர் வாயிலிருந்து நூறு தடவை கேட்டிருப்பேன். அது சரியாக இருந்ததுதான் தாங்க முடியாதது.

எவ்வளவு சரி என்று எனக்குக் காட்டியது ஒரு நம்பர்.

தோட்டத்தில் பேர் பதிந்த ஒவ்வொருவருக்கும் செக்ரோல் என்ற பதிவேட்டில் ஒரு நம்பர் உண்டு. கொழுந்து நிறுப்பது, சம்பளம், மருந்து எல்லாம் அந்த நம்பரில்தான். தாய் ஓய்வு பெற்றால் அநேகமாக அதே நம்பரில் மகளோ மருமகளோ பேர் பதிவார்கள். டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள் பெயரைச் சொல்லமாட்டார்கள், நம்பரைச் சொல்வார்கள். நாங்களும் நம்பரைத்தான் எழுதுவோம். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. முகத்தைப் பார்த்தாலே நம்பரைச் சொல்லுவேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மழைக்குப் பிறகு, எங்கள் தோட்டத்தில் எலிக்காய்ச்சல் என்று இரண்டு பேரைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். அந்த வாரம் காய்ச்சலோடு வருகிற எல்லோருக்கும் இரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். எடுத்தேன். ஒவ்வொரு குப்பியிலும் நம்பரை எழுதினேன். முடிவுகள் ஜெசிந்தா மிஸ்ஸுக்கு வந்தன. அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, 214ல கிருமி இருக்குன்னு வந்திருக்கு."

"சரி மிஸ். அது கலா. கொழுந்து எடுக்கிற புள்ள. இப்பவே கூப்புட்டு மாத்திர குடுத்துர்றேன்."

"இருங்க, இருங்க. 214ன்னு இன்னொன்னும் இருக்கு. அதுல இல்லன்னு வந்திருக்கு. எந்த 214?"

"ஒரே ஆள ரெண்டு தடவ எழுதியிருப்பாங்க மிஸ், அங்க."

"அங்க எழுதலங்க. ரெண்டு குப்பி வந்திருக்காம். ஒங்க எழுத்துதானாம். எந்த 214?"

எனக்குக் கோபம் வந்தது. கலாவுக்குக் காய்ச்சல், கலா 214, இதில் என்ன சந்தேகம் என்று போனை வைத்துவிட்டேன். கலாவைக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்து, மூன்று நாள் வேலைக்குப் போகாதே என்று துண்டும் எழுதினேன். அவளுக்குக் காய்ச்சல் அப்போதே விட்டிருந்தது. மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

அன்று பிற்பகல் ஜெசிந்தா மிஸ் எங்கள் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார். யட்டவத்தயிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து உக்குவளைக்கு இன்னொரு பஸ், பிறகு மேலே நடை. அன்று அவருக்கு லீவு நாள். சேலை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, தண்ணீர்கூடக் கேட்காமல், "கலா வீடு எது?" என்றார்.

காம்பராவுக்குள் கலா உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மூலையில் சாக்கின் மேல், போர்த்திக்கொண்டு அவளுடைய அம்மா செல்லம்மா படுத்திருந்தார். அந்த அம்மாவுக்கும் நான்தான் இரத்தம் எடுத்தேன். கார்டைப் பார்த்தேன், 214 என்று இருந்தது, எழுதினேன். அவர் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம். நம்பர் மகளுக்குப் போய்விட்டது. கார்டு மாறவில்லை. கையில் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

"என்னாங்கம்மா, மகாராணி மாதிரி படுத்திருக்கீங்க?" என்றார் ஜெசிந்தா மிஸ், பக்கத்தில் உட்கார்ந்து.

"எழும்ப முடியலம்மா. காலு ரெண்டும் யாரோ முறுக்கிப் புழியிற மாதிரி இருக்கு."

"காய்ச்சலுக்கு முன்னாடி எங்கயாச்சும் போனீங்களா?"

நான் குறுக்கிட்டேன். "அவங்க வேலைக்குப் போறதில்ல மிஸ். ஓய்வு."

செல்லம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜெசிந்தா மிஸ்ஸிடம் சொன்னார். "நாட்டுப்பக்கம் வயலுக்குக் களை புடுங்கப் போனேம்மா. ரெண்டு கெழம. வீட்டுல சும்மா இருந்தா யாரு சோறு போடுவா?"

முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்த ஒரு பெண், ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் சேற்றில் நின்று களை பிடுங்கப் போகிறார். தோட்டத்துப் புத்தகத்தில் அவர் ஓய்வில் இருக்கிறார். நானும் அந்தப் புத்தகத்தைத்தான் நம்பினேன். நான் லயத்தில் பிறந்தவன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெசிந்தா மிஸ் போர்வையை விலக்கிக் கெண்டைக்காலை மெதுவாக அழுத்தினார். செல்லம்மா கத்திவிட்டார். கண்ணை விரித்துப் பார்த்தால் சிவப்பு, சிவப்புக்குப் பின்னால் மஞ்சள். "காலையில ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று கேட்டார். நேற்றிலிருந்து இல்லை. ஜெசிந்தா மிஸ் என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"காய்ச்சல் ஆளுக்குத்தான் வருது தம்பி. நம்பருக்கு வராது."

கொழுந்து லொறி நிறுவையிடத்தில் நின்றது. கொழுந்தை இன்னும் நிறுத்து முடியவில்லை, முடியாமல் லொறியை எடுக்க முடியாது என்றார் டிரைவர். ஜெசிந்தா மிஸ் அவரோடு சண்டை போடவில்லை. செல்லம்மாவைத் தூக்கிவந்த நாலு பேரிடம், "கொழுந்துச் சாக்கு மேல கெடத்துங்க, மெத்து மெத்துன்னு இருக்கும்" என்றார். கிடத்தினார்கள். அவரும் ஏறி உட்கார்ந்துகொண்டார். "இப்ப நிறுங்க" என்றார். லொறி புறப்பட்டது. செல்லம்மா பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நடந்து வந்தார். இன்னும் இருக்கிறார். இன்னும் வயலுக்குப் போகிறார்.

இரண்டு நாள் கழித்து ஜெசிந்தா மிஸ் என்னை டவுன் பஸ் தரிப்பிடத்துக்கு வரச் சொன்னார். கையில் ஒரு கடிதம் இருந்தது. சுகாதார அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கை. படிக்கக் கொடுத்தார். குப்பிகளில் நம்பரை மட்டும் எழுதியதால் தாயும் மகளும் மாறிப்போனார்கள், சந்தேகத்தைச் சொன்ன பிறகும் டிஸ்பென்சரிப் பொறுப்பாளர் நோயாளியைப் போய்ப் பார்க்கவில்லை என்று இருந்தது. என் பெயர் முழுசாக இருந்தது. அடியில் அவர் பெயரும் கையெழுத்தும்.

"இது போனா எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் மிஸ்" என்றேன்.

"வரும் தம்பி. அதான் மொதல்ல ஒங்ககிட்ட காட்டுறேன்."

"நீங்க நெனச்சா இத எழுதாம விடலாம்."

"விடலாம். அடுத்த செல்லம்மா செத்துப்போவா." கடிதத்தை வாங்கி மடித்தார். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் பேரு போட்டு எழுதுறவ தம்பி. எங்க அப்பாவோட நம்பர நீங்க சரியா எழுதியிருந்தீங்க. 87. ஒரு பிழை இல்ல."

அவர் சொன்னது அந்தப் பெட்டிசனைத்தான். அவருடைய அம்மா இறந்தபோது இரண்டு வாரம் அவருடைய டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொண்டவன் நான். பிரஷர் மாத்திரைக்கு வரும் அவருடைய அப்பா சூசையை நான் நம்பராகத்தான் அறிந்திருந்தேன். கையெழுத்தை மறைத்து, ஊரை மறைத்து, பெயரை மறைத்து எழுதிய பெட்டிசனில், ஆளை அடையாளம் காட்ட வேண்டும் என்று, "செக்ரோல் நம்பர் 87இன் மகள்" என்று எழுதியிருந்தேன். விசாரணை நாளில் அதை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்துக்கு வெளியே அந்த நம்பரைத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். இரண்டு வருடமாக அதைத் தெரிந்துகொண்டே அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டிருக்கிறார்.

"மிஸ்" என்றேன்.

"பஸ் வந்துருச்சு" என்று ஏறிப் போய்விட்டார்.

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதினேன். என் சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்தக் கோபத்தில் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு வேலைக்காகப் பேசினோம். அவர் போன் எடுக்கும்போதெல்லாம் முதல் வார்த்தை "எந்த 214?" என்பதுதான். நக்கல். நான் சிரிக்கமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து குப்பியில் வெள்ளைப் பிளாஸ்டரைச் சுற்றி, அதில் பெயர், யாருடைய மகள், எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்று எழுதுகிறேன். அவர் செய்தது போல.

பலர் இப்படி நினைப்பீர்கள்: அதற்குப் பிறகு இவனுக்குப் பொறாமை போயிருக்கும். போகவில்லை. கூடியது. முன்பு அவருக்குக் கிடைத்த இடத்தின் மேல் பொறாமை. படித்தால், சந்தர்ப்பம் கிடைத்தால், நானும் அங்கே உட்காரலாம் என்று இருந்தது. பிறகு அறிக்கையின் அடியில் அவர் போட்ட அந்தக் கையெழுத்தின் மேல் வந்தது. அதற்கு எந்த இடத்துக்கு விண்ணப்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடக்கத்தின் அன்று யட்டவத்தயில் நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். எங்கள் தோட்டத்திலிருந்தே இரண்டு வேன் போனது. என் நோயாளிகள். செல்லம்மா குழிக்குப் பக்கத்தில் நின்று ஒப்பாரி வைத்தார். நான் செத்தால் இதில் பாதிப் பேர் வருவார்களா என்று அங்கே நின்று கணக்குப் பார்த்தேன். அவ்வளவு கேவலமானவன். அதே நேரத்தில், நெஞ்சு வலியோடு இருந்த ஒரு சுகாதார ஊழியரைக் கொண்டுபோக, இந்தக் காலத்திலும், ஒரு தோட்டத்துக்குக் கொழுந்து லொறியைத் தவிர வேறு வண்டி இல்லையே என்ற ஆத்திரமும் இருந்தது. அன்றும் லொறி நிறுவைக்காக நின்றது என்று சரோஜாக்கா சொன்னார். "சாக்கு மேல கெடத்துங்க" என்று சொல்ல அன்றைக்கு ஜெசிந்தா மிஸ் இல்லை. அவர்தானே கிடந்தார்.

ஆள் போடும்வரை அவருடைய டிஸ்பென்சரியை வாரத்தில் மூன்று நாள் நான்தான் பார்க்கிறேன். சட்டம் போட்ட சான்றிதழும் பிளாஸ்டிக் மாலையும் இன்னும் மருந்து அலுமாரிக்கு மேலே இருக்கின்றன. போன வாரம் சூசை ஐயா பிரஷர் மாத்திரைக்கு வந்தார். வாசலில் நின்று, வழக்கம்போல, "எம்பத்தேழு" என்றார்.

"பேர் சொல்லுங்க ஐயா."

"சூசை."

எழுதினேன். சூசை, ஜெசிந்தாவின் அப்பா, இரண்டாம் லயம், ஐந்தாவது காம்பரா. பேனையை வைத்துவிட்டுச் சொன்னேன். "ஐயா, மிஸ்ஸுக்கு எதிரா ஒரு பெட்டிசன் போச்சே, அத எழுதுனது நான்தான்."

அவர் கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"தெரியும் சேர். எம் புள்ள அன்னிக்கே வந்து சொல்லிருச்சு." பிறகு மேசையில் இருந்த மாத்திரையைக் காட்டினார். "இது ஒரு வேளையா, ரெண்டு வேளையா?"

"ஒரு வேள, ஐயா. காலையில."

தலையாட்டிவிட்டுப் போனார்.

பயிற்சிக்கான விண்ணப்பப் படிவம் வந்துவிட்டது. மாவட்டத்துத் தோட்டங்களுக்கு மறுபடியும் ஒரே ஓர் இடம். ஐந்து வருடம் காத்திருந்த படிவம். முன்னைய தொடர்பாளரின் பெயரும், வெற்றிடம் ஏற்பட்ட காரணமும் எழுத ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். சூசையின் மகள் ஜெசிந்தா, இரண்டாம் லயம், ஐந்தாவது காம்பரா, மரணம் என்று எழுதினேன். கோட்டுக்குள் அடங்கவில்லை. ஓரத்தில் எழுதினேன். இந்தக் கட்டுரையின் பிரதி ஒன்றையும் படிவத்தோடு இணைத்திருக்கிறேன். தெரிவு செய்கிறவர்கள் படிக்கட்டும். படித்த பிறகு இடம் கொடுக்காவிட்டால் அது நியாயம்தான். கொடுத்தால், அந்த மோதிரத்தை நானும் பார்ப்பேன். அவர் முதலில் பார்த்துவிட்டார் என்பது அப்போதும் சுடும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சூட்டைத்தான். நல்லதாக நாலு வார்த்தை கேட்டீர்கள் சரோஜாக்கா. என்னிடம் இருந்தது இதுதான். இந்த முறை அடியில் நலன்விரும்பிகள் என்று போடவில்லை.

எழுதியவன்,
பெருமாளின் மகன் சிவகுமார்,
ஆறாம் லயம், மூன்றாவது காம்பரா.